மேலேறாத காப்பி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் வாய் வழியாகப் போகாது, கை வழியாகத்தான் போகும். பாத்திரத்தை டமால் என்று வைப்பேன், கதவை அறைந்து சாத்துவேன், அல்லது யாருக்கும் தெரியாமல் எதையாவது செய்துவைத்துவிட்டு ஒன்றும் அறியாதவள் மாதிரி இருப்பேன். இந்தக் குணத்தால் போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் அடுக்களையே வெடித்திருக்கும். அதைவிடப் பெரிய ஒன்றும் கைவிட்டுப் போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்தார். ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. எங்கள் கல்யாண வாழ்க்கையைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை வருஷம்கூடத் தேறாது. மேலப்பாளையத்தில் இது ஒன்றும் புதினமில்லை. எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நான் ஒற்றையாள். அது எனக்குப் பழகிப் போயிருந்தது, பிடித்தும் போயிருந்தது என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் உண்மை அதுதான்.

போன வருஷம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். முதல் நாள் காலையில் இட்லி வைத்துக்கொண்டே நான் கேட்டது என்ன தெரியுமா?

"எத்தன நாள் லீவு மச்சான்?"

அவர் என் வாப்பாவின் தங்கை மகன். சின்ன வயதிலிருந்தே மச்சான்தான். இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது. "முடிச்சிட்டு வந்துட்டேன்னு போன்ல சொன்னேனே" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பதினோரு லீவுக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பழகிய வாய், யோசிக்காமல் கேட்டுவிட்டது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பள்ளிவாசலில், சலூனில், மீன் கடையில், பார்க்கிறவர்கள் எல்லாம், "எப்ப வந்திய?" என்று கேட்டு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள், "எப்பப் போறிய?" என்றார்கள். வளைகுடாக்காரனைப் பார்த்தால் எங்கள் ஊரில் கேட்கிற முறை அதுதான். ஒருநாள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எல்லாரும் என்ன வழியனுப்பத்தான் நிக்காங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கொண்டு வந்த பெட்டிகள் இரண்டு. ஒன்றுக்குள் துண்டில் சுற்றி ஒரு அலுமினியக் காப்பிப் பானை. எட்டுப் பட்டை, இடுப்பு சிறுத்து, பார்க்கக் கெண்டி மாதிரி இருக்கும். மோக்கா என்றார். அவர் ஹோட்டலில் இருந்த இத்தாலிக்காரச் சமையல்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்ததாம். அடியில் தண்ணீர், நடுவில் துளை போட்ட கிண்ணத்தில் தூள், மேலே கெண்டி. மூன்றையும் திருகி அடுப்பில் வைத்தால் ஆவி தண்ணீரை மேலே தள்ளும், தூளுக்குள் புகுந்து காப்பியாகக் கெண்டிக்கு ஏறும். நம் ஃபில்டரில் டிகாஷன் கீழே இறங்கும், இதில் மேலே ஏறும். அவ்வளவுதானே என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அது அவ்வளவு இல்லை.

மூன்று ஊர்க் கொட்டை வேண்டும். சிக்மகளூர் பாதி, மீதிப் பாதியில் ஏமனும் எத்தியோப்பியாவும். கூரியரில் ஒன்று வரும், ஊருக்கு வருகிறவர்கள் கையில் மற்றது வரும். சின்னத் தராசில் கிராம் கிராமாக நிறுப்பார். கையால் சுற்றும் மெஷினில் அரைப்பார். ரவையைவிடக் கொஞ்சம் நைசாக இருக்க வேண்டும், மாவாகிவிடக் கூடாது. தூளைக் கிண்ணத்தில் தட்டி நிரவுவார், அமுக்கவே மாட்டார். "ஏமன் கொட்டை வாசன, எத்தியோப்பியா புளிப்பு, நம்ம சிக்மகளூர் ரெண்டையும் புடிச்சு நிறுத்தும்" என்று சொல்லும்போது அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் அவர் பேச்சைக் கேட்க எனக்கு ஆசையாகக்கூட இருக்கும். ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

பானையின் வயிற்றில் ஒரு பித்தளைக் குமிழ் இருந்தது. அதையும் காட்டினார். "இது குக்கர் வெயிட் மாதிரி. மேல வழி அடைச்சிட்டா ஆவி இது வழியா போயிரும். இதுவும் அடைச்சிட்டா பானை குண்டு மாதிரி வெடிக்கும். அங்கன ஒருத்தன் மூஞ்சியே வெந்துபோச்சு. உப்புத் தண்ணி ஊத்தினா இது அடைக்கும். நாம ஆத்துத் தண்ணிதான ஊத்துதோம், பயமில்ல."

ஆற்றுத் தண்ணீர்தான் சண்டைக்கு முதல். தாமிரபரணித் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அரைத் தூக்கத்தில் எழுந்து எட்டுக் குடம் பிடித்துவைப்பது நான். அது குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டும். மற்றதற்கெல்லாம் வீட்டுப் போர்வெல்லின் போர் தண்ணீர். வாளியின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு உறையும் தண்ணீர். இவர் காப்பிக்கு ஆற்றுத் தண்ணீர் எடுப்பது போதாதென்று, பானையைக் கழுவவும் அதையே ஒரு சொம்பு மொள்ளுவார். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அதோடு விட்டாரா? ஸ்டோரில் இருந்த கை. என் பருப்பு டப்பா, மசாலா டப்பா எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதினார். கடுகு இருந்த இடத்தில் வெந்தயம் இருந்தது. இருட்டில்கூடக் கை போய் எடுக்கிற அடுக்களையில் நான் லைட்டைப் போட்டுக் கடுகு தேடினேன். அப்படி ஒருநாள் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி உறைமோர் வாங்க வந்தாள். அவள் எதிரிலேயே, "இவ அடுக்களையில ஒரு ஒழுங்கே கிடையாது" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவளும் விளையாட்டாகத்தான் சிரித்தாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. இருபத்திரண்டு வருஷம் ஒற்றையாளாக ஓட்டிய அடுக்களை.

மறுநாள் காலையில், காப்பிக்கென்று அவர் தனியாக வைத்திருந்த பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "பாத்தியா, ஆத்துத் தண்ணி ருசியே தனி" என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் கோபம் தீர்ந்திருக்கும், நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு ரகசியம் கையில் இருப்பது சுகமாக இருந்தது. அவர் என் டப்பாவில் கை வைத்தால் நான் அவர் பாட்டிலில் கை வைத்தேன். ஒரு வாரம் கழித்து அவருக்கே ருசி மாறியது தட்டுப்பட்டது. காப்பி சப்பென்றிருக்கிறது என்றார். எத்தியோப்பியாவைக் குறைத்தார், ஏமனைக் கூட்டினார், சிக்மகளூர் கடையை மாற்றினார். தினமும் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பேசாமல் இருந்தேன். இப்படியே ஒன்றரை மாதம் ஓடியது.

அப்போதுதான் ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. கூட வேலை பார்த்த தென்காசிக்காரர். இவர் இருந்த இடத்துக்கு வந்தவன் சரியில்லையாம், பழைய ஆளையே முதலாளி கேட்கிறாராம், இரண்டு வருஷ விசா. வியாழக்கிழமை காலையில் டியூட்டிக்குப் போகும் முன் போன் பண்ணுவேன், ஆமா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

போகக் கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. இதைப் படிக்கிறவர்கள் நம்புவார்களோ மாட்டார்களோ, அவ்வளவு எரிச்சலிலும் ஒருநாள்கூட அவர் போய்விட வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. வாசலில் அவர் செருப்பு கிடப்பது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் எங்கள் வீடுகளில் பயணம் போகிறவரைப் பார்த்துப் போகாதீர்கள் என்று பெண்கள் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் மனசு கலங்கும், போகிற இடத்தில் அல்லாவின் பரக்கத் இருக்காது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அழுவதென்றால்கூட கார் தெருமுக்குத் திரும்பிய பிறகுதான். பதினோரு முறை அப்படி அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டாவது முறை வேறு மாதிரிப் பேச எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பரண் மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தார். செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். புதன்கிழமை காப்பியே போடவில்லை. தராசு மூடி வைத்தபடி இருந்தது. அன்றைக்கு என் கைக்கும் காலுக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை.

வியாழக்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். போன் மடியில். நான் அடுக்களையில் நின்று யோசித்தேன். வாயால் சொல்ல வரவில்லை, கையால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவருடைய பானையில், அவருடைய காப்பியை நானே போட்டு நீட்டினால் அவருக்குப் புரிந்துவிடாதா? இத்தனை மாதத்தில் அந்தப் பானையை நான் அடுப்பில் வைத்ததே இல்லை.

குடத்திலிருந்து நல்ல ஆற்றுத் தண்ணீரை மொண்டேன். மனசுக்குள் தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மொண்டேன். அடிப் பாத்திரத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை படிந்திருந்தது. பித்தளைக் குமிழின் பின்பக்கத்திலும். நகத்தால் சுரண்டினேன், கொஞ்சம் உதிர்ந்தது. போதும் என்று தண்ணீரை ஊற்றினேன். அவர் அரைத்து வைத்த தூள் இரண்டு ஸ்பூன்தான் மிச்சம். மெஷினைச் சுற்றினால் சத்தம் கேட்டு எழுந்து வந்துவிடுவார். அதனால் டவுணில் எப்போதும் வாங்கும் என் சிக்கரி கலந்த பொடியை மேலே போட்டு நிரப்பினேன். மூன்று ஊரோடு நான்காவதாக நானும் இருக்கட்டுமே. பிறகு ஃபில்டரில் எப்போதும் செய்வதுபோல ஸ்பூனின் முதுகால் நன்றாக அமுக்கினேன். இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். துணியால் பிடித்து இறுகத் திருகி, பிஸ்மி சொல்லி அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவர் போட்டால் நாலைந்து நிமிஷத்தில் கடகடவென்று ஏறிவிடும். ஐந்து நிமிஷம் ஆயிற்று. சத்தமில்லை. தீயைக் கூட்டினேன். ஏழெட்டு நிமிஷம். மூடியைத் திறந்து பார்த்தால் கெண்டி காய்ந்து கிடந்தது. பானையின் இடுப்பில், திருகின இடத்தில் பழுப்பாக ஒரு குமிழி வந்து உடைந்தது. ஸ்ஸ் என்று சன்னமாக ஒரு சத்தம். பிறகு அதுவும் நின்றுவிட்டது. தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"என்ன செய்யுத?"

நிலைப்படியில் நின்றார். வாசனைக்கு எழுந்து வந்திருக்கிறார். பானையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்த நான்கு நாளில் நான் பார்க்காத முகம்.

"நீயா வச்ச?"

"ஆமா. ஏற மாட்டேங்குது."

"அமுக்கிட்டியோ? இரு, பாப்போம்." பக்கத்தில் வந்து, கெண்டிக்குள் எட்டிப் பார்க்கக் குனிந்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த வெள்ளை ஞாபகத்துக்கு வந்தது. "மச்சான், தள்ளுங்க. இங்கன வாங்க" என்றேன்.

"ஏன் பதறுத? வால்வு இருக்குல்ல. ஒண்ணும் ஆவாது. பைய ஏறிரும்." முகம் பானைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவர் நம்பி நின்றது அந்தக் குமிழை. குமிழை நம்பியது ஆற்றுத் தண்ணீரால். சொன்னால் இந்த முகம் போய்விடும், இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் வரும், ஆமா என்று சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் அந்த முகம் வெந்துவிடும். இவ்வளவும் நினைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

"வால்வு அடைச்சிருக்கு மச்சான்! ஒன்றர மாசமா ஒங்க பாட்டில்ல நான் போர் தண்ணிதான் ஊத்தி வச்சேன்!"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே பார்வை. அடுத்த நொடி என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துத் தள்ளினார். அடுப்பின் திருகு பானைக்கு நேர் கீழே இருந்தது, அதில் கை வைக்க முடியாது. சிலிண்டர் மேடைக்கு அடியில் கதவோரம். சுவரோடு சுவராகக் குனிந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி ரெகுலேட்டரை அணைத்தார். தீ நீலமாகக் குதித்து அவிந்தது.

"தண்ணி ஊத்தட்டா?" என்றேன்.

"தொடாத. தானா ஆறணும்." அடுக்களைக் கதவைச் சாத்தினார்.

கதவுக்கு வெளியே நடையில் நின்றோம். உள்ளே டிக், டிக் என்று உலோகம் விரிகிற சத்தமா சுருங்குகிற சத்தமா தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் என் தோள் தூக்கிப் போட்டது. அந்தப் பானை வெடிக்கவில்லை. மத்தியானம் ஆறிப் போனபின் அவர் திறந்து பார்த்தபோது சிக்கரி களிம்பாகத் துளைகளையெல்லாம் அடைத்திருந்தது, குமிழுக்குள் ஊசி போகவில்லை. ஆனால் அப்போது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதே. கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அடுத்த வீட்டுக்காரி முன்னால ஒழுங்கே கிடையாதுன்னு சொன்னிய."

"அதுக்கு ஒன்றர மாசமா?"

அவரே தொடர்ந்தார்.

"நான் கொட்டதான் பழசுன்னு நெனச்சேன். அளவ மாத்தி மாத்திப் போட்டேன். ஒண்ணும் சரியா வரல. நம்ம நாக்கே செத்துப்போச்சு, இந்த ஊர்ல நமக்கு எதுவும் ஒத்துக்காதுன்னு நெனச்சேன்." என் பக்கம் திரும்பினார். "என்ன எப்படா அனுப்பலாம்னுதான இருக்க?"

"இல்ல."

"பெறவு?"

உள்ளே திரும்பவும் ஒரு டிக். நான் சேலை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன். "நீங்க போவும்போது எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும் மச்சான். பதினோரு தடவ இருந்திருக்கேன். நீங்க இருக்கும்போது எப்படி இருக்கணும்னுதான் தெரியல. அதான் இப்படிக் கூறு கெட்டதெல்லாம் செய்யுதேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கார் முக்குத் திரும்பும் வரைக்கும் இந்த முறை என்னால் பொறுக்க முடியவில்லை.

முன்னறையில் போன் அடித்தது.

அவர் போய் எடுத்துக்கொண்டு வந்தார். எடுத்துப் பேசவில்லை. கையில் வைத்தபடி என் முன்னால் நின்றார். "நான் என்ன சொல்லட்டும்?"

உங்க இஷ்டம் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். போன் அடித்து ஓய்ந்தது. திரும்ப அடிக்க ஆரம்பித்தது. அவர் பச்சையைத் தள்ளி என் கையில் கொடுத்துவிட்டார். "ஒன் மனசுல என்ன இருக்கோ, நீயே சொல்லு."

"அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணே! என்ன முடிவு? வேன் வந்து நிக்கிது" என்றது அந்தப் பக்கம்.

"வ அலைக்கும் ஸலாம். அவங்க வீட்டம்மா பேசுதேன்."

"மதினியா? அண்ணன் எங்க?"

"பக்கத்துலதான் நிக்காங்க." போனை மறு காதுக்கு மாற்றினேன். "அவங்க வரல."

"ஏன் மதினி, ஒடம்புக்கு எதுவும்..."

"ஒடம்பு நல்லா இருக்கு. நான்தான் போவக் கூடாதுன்னு சொல்லுதேன். இனிமே அனுப்ப எனக்கு மனசில்ல."

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்தார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் பேச முடியாது. போனில் தூரத்தில் யாரோ வேனுக்குக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்டது.

"மதினி" என்றார் தென்காசிக்காரர். குரல் இறங்கியிருந்தது. "பதினெட்டு வருஷமா வந்துட்டுப் போய்க்கிட்டு இருக்கேன். எங்க வீட்ல ஒரு தடவகூட இப்படிச் சொன்னதில்ல."

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது.

"நெனைக்காம இல்லண்ணே. சொல்லக் கூடாதுன்னு இருப்பாங்க."

"அப்படியா மதினி?"

"வேன் போனா போவட்டும்" என்றேன். "இப்பவே ஒங்க வீட்டுக்குப் போன் போட்டு அவங்களயே கேளுங்க."